மக்னீசியாப் பக்கத்து மாப்பிள்ளை

பிரன்ஸ்விக், மெல்பேர்ண்
3 மார்ச் 2024

அன்பு அண்ணாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தையும், அம்மா சொல்லாவிட்டாலும் அவரின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல்.

வங்கி வேலையை விட்டு இங்கே ஆராய்ச்சிக்கு வந்து ஒரு வருடம். அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தியும் அதே ஒரு வருடம். எனக்கு ஃபோன் எடுப்பதில்லை, வாட்ஸ்அப் இல்லை, ஈமெயில் இல்லை என்று முருகன் சந்நிதியில் உங்களிடம் சத்தியம் வாங்கினார். அதில் தபால் இல்லை. தபால் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

ஆகவே இதைக் குசினியில் அடுப்புப் பக்கம் நின்று சத்தமாக வாசியுங்கள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். பரவாயில்லை.

"செத்துப்போன கிரேக்கருக்காக வேலையை விட்டவள்" என்று கோயிலில் சொல்கிறாராம். எந்தக் கிரேக்கர் என்றாவது சரியாகச் சொல்லட்டும்.

தெற்கே இந்துகுஷ் மலை. வடக்கே ஒக்சஸ் ஆறு, இன்றைய அமு தாரியா. நடுவே சமவெளி. வாய்க்கால் போகும் இடம்வரை திராட்சை, அதற்கு அப்பால் மணல். அதுதான் பாக்திரியா. இன்றைக்கு ஆப்கானிஸ்தானின் வடக்கு. அலெக்சாண்டர் வந்தான், வீரர்களை அங்கே விட்டுவிட்டுப் போனான். அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கலகம் செய்தார்கள். விடவில்லை. நூறு வருடத்துக்குள் அங்கே கிரேக்க ராசாக்கள். வாய்க்காலும் மதிலும் அவர்களுக்கு முன்பே இருந்தவை. அந்த ராசாக்களில் ஒருவர் பெயர் யூதிதெமஸ். மக்னீசியாவில் இருந்து வந்தவர்.

ட்ராமில் இருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது பாதையின் பிழை. ஓட்டுநர் நல்ல மெதுவாகத்தான் ஓடுகிறார்.

அம்மா தைலம் பூசுகிறாரா?

அன்புடன்,
சுஜீவா


மெரிலேண்ட்ஸ், சிட்னி
24 மார்ச் 2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். தைலம் பூசுகிறார். நீ கேட்டதாகச் சொன்ன அன்றைக்கு மட்டும் பூசவில்லை.

உன் கடிதம் பீட்சா விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றார். "சுஜீவா கடிதம் போட்டிருக்கிறாள்" என்றேன்.

"கதைக்க மாட்டன் எண்டுதான் சொன்னனான். கேக்க மாட்டன் எண்டு சொல்லேல்லை. வாசி."

வாசித்தேன். யூதிதெமஸில் கத்தி நின்றது.

"ஆர் உவர்?"

"ராசா, அம்மா."

"அது கிடக்கட்டும். ஆற்றை பிள்ளை? எந்த ஊர்?"

"மக்னீசியா எண்டு எழுதியிருக்கிறாள்."

"சொந்த ஊரிலை இருக்கேலாமல் ஏன் அங்கை போனவர்? வந்தான் வரத்தானைப் பற்றி எழுதேக்கை வடிவா விசாரிச்சு எழுத வேண்டாமோ?"

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து மெரிலேண்ட்ஸுக்கு வந்தவர்கள் என்று நான் நினைவூட்டவில்லை. கையில் கத்தி இருந்தது.

பிறகு சுவரைப் பார்த்து, "குடும்பம் கிடும்பம் இருக்கோ எண்டும் சொல்லேல்லை" என்றார். அது கேள்வி என்று எடுத்துக்கொள்.

ஏன் ட்ராமில் இருந்து எழுதுகிறாய்? மேசை இல்லையா?

உன் அண்ணா,
பிரஷாந்தன்


பிரன்ஸ்விக்
12 மே 2024

அன்பு அண்ணாவுக்கு,

சுகம். பதில் பிந்திவிட்டது. ஈஸ்டர். எல்லோருடையதும் முடிந்து ஒரு மாதம் கழித்து வரும் ஈஸ்டர். சிவப்புச் சாயம் போட்ட அவித்த முட்டைகள் சாப்பிட்டேன். நிறைய.

சுவர் கேட்ட கேள்விக்கு.

யூதிதெமஸின் தகப்பன் பெயர் கிடைக்கவில்லை. மக்னீசியா என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள். எது அவருடையது என்று இன்னும் சண்டை. கிரேக்கத்தில் இன்றும் அந்தப் பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. மனைவி பற்றி ஒரு வரியும் இல்லை. வளர்ந்த மகன் இருக்கிறார், தெமெத்திரியஸ்.

அவரை நமக்குத் தெரிவது அவர் முகம் பொறித்த காசுகளால்தான். முதல் காசில் இளைஞர். கடைசிக் காசில் கன்னம் தொங்கிவிட்டது, மூக்கு தடித்துவிட்டது, கண்ணுக்குக் கீழே பை. மற்ற ராசாக்கள் சாகும்வரை காசில் இருபத்தைந்து வயதோடு இருப்பார்கள். இவர் வயது போவதை மறைக்கவில்லை. அந்தக் கடைசி முகம்தான் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொன்று. அந்த நாட்டில் ஒரு நகரத்தின் களஞ்சியத்தைத் தோண்டியபோது ஒலிவ் எண்ணெய்ச் சாடிகள் கிடைத்தன. அங்கே ஒலிவ் மரம் வளராது. தூரத்தில் இருந்து வரவழைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ஊரில் இருந்து வரும் மிளகாய்த்தூள் பார்சலை நினைத்தேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அம்மாவைக் காலுறை போடச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

சுஜீவா


மெரிலேண்ட்ஸ்
2 ஜூன் 2024

அன்புத் தங்கைக்கு,

எனக்குச் சுகம். அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் வாசித்து முடித்ததும் அம்மா அடுப்பை நிறுத்தினார். கதிரையில் இருந்தார்.

"எங்கடை பக்கத்திலை கலியாணம் பேச வாறவை நேரை சொல்லுவினமோ?" என்றார். "வந்து மழையைப் பற்றிக் கதைப்பினம். வெங்காய விலையைப் பற்றிக் கதைப்பினம். பேந்துதான் 'ஒரு இடம் இருக்கு' எண்டுவினம். உவள் ராசாவைப் பற்றிக் கதைக்கிறாள்."

"அம்மா, அந்தாள் செத்து எவ்வளவு காலம்!"

"உனக்கு உலகம் விளங்காது. நீ சின்னப்பிள்ளை." எனக்கு முப்பத்தேழு வயது. "மனிசியைப் பற்றி ஒண்டும் இல்லையாம். அப்ப செத்திருப்பா. வளர்ந்த பெடியன் இருக்கிறானாம். கன்னம் தொங்குதாம். அந்த முகம்தான் பிடிக்குமாம்! கேட்டியோ? பிடிக்குமாம்!"

பிறகு சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே மரிக்கா என்ற கிரேக்கப் பெண் இருப்பது உனக்குத் தெரியும், வேலிக்கு மேலால் எலுமிச்சம்பழம் தருகிறவர். இருவருக்கும் சேர்த்து ஐம்பது இங்கிலிஷ் சொற்கள் இருக்கும். விசாரிப்பதற்கு அது போதும் போல. அன்றில் இருந்து மரிக்கா பின்வளவில் நின்று மெல்பேர்ணில் உள்ள தன் ஆட்களுக்கு ஃபோன் எடுத்துக்கொண்டே இருக்கிறார். அம்மா பக்கத்தில் நின்று, "ஆஸ்க் த ஃபாதர் நேம்" என்கிறார்.

சுஜீவா, ஏதாவது இருக்கிறதா?

அண்ணா


பிரன்ஸ்விக்
16 ஜூன் 2024

அன்பு அண்ணாவுக்கு,

சுகம். மழை. வெங்காயம் கிலோ மூன்று டொலர்.

உங்கள் கேள்வி கிடைத்தது. முதலில் முற்றுகையைச் சொல்லிவிடுகிறேன்.

மேற்கே பெரிய ராசா, அந்தியோக்கஸ். பாக்திரியா தன் பாட்டன் காலத்துச் சொத்து என்று படையோடு வந்தார். யூதிதெமஸ் தலைநகரின் மதிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு வருடம். வெளியே இருப்பவரால் உள்ளே வர முடியவில்லை. உள்ளே இருப்பவரால் வெளியே வர முடியவில்லை. இருவருமே கிரேக்கம்தான் பேசினார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

நடுவே ஒரு தூதர். தெலியாஸ் என்று பெயர். அங்கும் இங்கும் போய்வந்தார். அவருக்கு என்ன கிடைத்தது என்று ஒரு குறிப்பும் இல்லை. அண்ணா, உங்களைத்தான் நினைத்தேன்.

கேள்விக்குப் பதில்: பிறகு.

அம்மாவுக்கு (சுவர் மூலம்) என் அன்பு.

சுஜீவா


மெரிலேண்ட்ஸ்
7 ஜூலை 2024

தங்கைக்கு,

ஒருவரும் சுகமில்லை.

மரிக்கா கண்டுபிடித்துவிட்டார். மெல்பேர்ணிலேயே, ஓக்லீயில். மக்னீசியாப் பக்கத்து ஆள். மனைவி இறந்துவிட்டார். வளர்ந்த மகன், பெயர் டிமித்ரி, உன் தெமெத்திரியஸ் மாதிரி. மீன் பொரித்து விற்கிற கடை. வயது அறுபத்திரண்டு.

அம்மா கட்டிலில் படுத்துவிட்டார். நான் தேத்தண்ணி கொண்டு போனேன்.

"அறுபத்திரண்டு" என்றார் கூரையைப் பார்த்து.

"அம்மா, அது வேறை ஆளாயிருக்கும்."

"ஊர் சரி. பெடியன்ரை பேர் சரி. மனிசி இல்லை, சரி. இன்னும் என்ன வேணும் உனக்கு, பிறப்புச் சான்றிதழோ? அங்கை எண்ணெய் வேறை வரவழைக்கினமாம் எண்டு எழுதினாள். மீன் பொரிக்க எண்ணெய் வேணும்தானே!"

தேத்தண்ணியை மேசையில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. நீ மழையையும் வெங்காயத்தையும் பற்றி எழுதியிருந்தாய்.

"நான்தானே சொன்னனான்" என்றார் அம்மா பிறகு. "போகேக்கை. 'அப்ப உந்தக் கிரேக்கரையே கட்டிக்கொண்டு இரு' எண்டு. என்ரை வாய்."

மூன்று நாளாகக் கோயிலுக்கும் போகவில்லை. தயவுசெய்து உடனே எழுது. ட்ராமில் இருந்தாவது.

பிரஷாந்தன்


பிரன்ஸ்விக்
11 ஜூலை 2024

அண்ணா,

முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரியும் விட வேண்டாம்.

யூதிதெமஸ் இறந்து இரண்டாயிரத்து இருநூறு வருடம் ஆகிறது. நான் அவரைக் கட்டவில்லை.

நான் கட்ட நினைப்பவர் பெயர் தனாசிஸ். வயது முப்பத்திநாலு. மணமாகாதவர், பிள்ளை இல்லை, கன்னம் தொங்கவில்லை. இங்கேயே பிறந்தவர். ட்ராம் ஓட்டுகிறார். கிரேக்கர்தான், அந்தப் பிந்திய ஈஸ்டர் முட்டை அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். அது தற்செயல். அவருக்குப் பாக்திரியா பற்றி ஒன்றும் தெரியாது.

இதைத்தான் நான் மார்ச்சில் இருந்து சொல்லப் பார்த்தேன். ராசாவில் தொடங்கினால் மெல்ல மெல்ல வரலாம் என்று நினைத்தேன். அம்மா என்னைவிடக் கெதியாக வந்துவிட்டார். வேறு வீட்டுக்கு.

நேற்று நாங்கள் இருவரும் ஓக்லீ போய் அந்த மீன்கடையைப் பார்த்தோம். மீன் நல்லது. சிட்னியில் இருந்து இரண்டு பெண்கள் ஃபோன் எடுத்துத் தன் இரத்த அழுத்தத்தையும், வீடு சொந்தமா வாடகையா என்றும் கேட்டதாகக் கடைக்காரர் சொன்னார். கோபமில்லை. மகன்கூட அப்படிக் கேட்பதில்லையாம். எங்களிடம் சிப்ஸுக்குக் காசு வாங்கவில்லை.

அம்மா, எழும்புங்கள்.

சுஜீவா


மெரிலேண்ட்ஸ்
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

இங்கு யாவரும் சுகம். மிகவும் சுகம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். வயது வந்த இடத்தில் அம்மா எழும்பி இருந்தார்.

"முப்பத்திநாலோ?"

"முப்பத்திநாலு."

"திரும்பி வாசி." வாசித்தேன். "பல்லெல்லாம் சொந்தப் பல்லுத்தானோ?"

"அப்பிடித்தான் இருக்கும்."

"முப்பத்திநாலெண்டால் பரவாயில்லை." எழும்பிப் போய் முகம் கழுவினார். மரிக்காவுக்கு வேலிக்கு மேலால் சத்தம் போட்டார்: "மரிக்கா! நொட் ஃபிஷ்! ட்ராம்!"

எனக்கு ஒன்று விளங்கியது. நீ நேரே ஒரு கிரேக்க ட்ராம் ஓட்டுநரோடு வந்திருந்தால் அம்மா இன்னும் பத்து வருடம் வாய் திறந்திருக்க மாட்டார். அந்த மீன்கடைக்காரருக்கு ஒரு வேட்டி அனுப்பு.

பின்னேரம் கேட்டார், "ட்ராம் எண்டால் அரசாங்க உத்தியோகம்தானே?" கம்பனி ஒன்றுதான் ஓட்டுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் ரயில் சிக்னல் பார்க்கிறவன், "தண்டவாளம் அரசாங்கத்தின்ரைதான்" என்றேன். அதில் பொய் இல்லை.

செப்டெம்பரில் அம்மா வருகிறார். தனியாக. மாப்பிள்ளை பார்க்க. ஆனால் நீ கனவு காணாதே. "அப்ப சுஜீவாவோடை கதைப்பீங்களோ?" என்று கேட்டேன்.

"பாக்க வாறன் எண்டுதான் சொன்னனான்."

அண்ணா


பிரன்ஸ்விக்
18 ஆகஸ்ட் 2024

அன்பு அண்ணாவுக்கு,

சுகம் என்று நினைக்கிறேன். இதை வாசித்துக் காட்ட வேண்டாம்.

முற்றுகையின் முடிவை நான் இன்னும் எழுதவில்லை. யூதிதெமஸ் தூதரிடம் சொன்னார்: வடக்கே எல்லையில் நாடோடிகள் திரண்டு நிற்கிறார்கள், நாம் இப்படியே இருந்தால் இருவருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அந்தியோக்கஸும் களைத்திருந்தார். உடன்படிக்கை எழுத யூதிதெமஸ் தன் மகனை அனுப்பினார். அந்தியோக்கஸ் பெடியனைப் பார்த்தார். நடையும் பேச்சும் பிடித்துவிட்டது. தன் மகளைத் தருவதாகச் சொன்னார். பிறகு யூதிதெமஸின் யானைகளை வாங்கிக்கொண்டு மலையைத் தாண்டிப் போய்விட்டார்.

தருவதாகச் சொன்னார் என்று இருக்கிறது. தந்தாரா என்று இல்லை. அந்தக் கலியாணம் நடந்ததா என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணின் பெயரும் தெரியாது. என் ஆராய்ச்சியில் ஒரு அத்தியாயம் முழுக்க இந்த ஒரு வசனம்தான். நான் அதைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன்.

தனாசிஸ் ஒக்டோபரில் கலியாணப் பதிவு செய்வோம் என்கிறார். நான் நாள் சொல்லாமல் இருக்கிறேன். அம்மா வந்து, அவரைப் பார்த்து, சம்மதித்து, ஆனால் என்னோடு ஒரு சொல் கதைக்காமல் திரும்பிப் போனால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். முட்டாள்தனம்தான். நான் வளர்ந்தவள், வாடகை கட்டுகிறவள். ஆனால் முடியாது. இதைத் தனாசிஸுக்கு இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்.

சுஜீவா


மெரிலேண்ட்ஸ்
8 செப்டெம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். வாசித்துக் காட்டவில்லை.

"கடிதம் வந்ததே?" என்று கேட்டார்.

"வந்தது. சுகமாம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பயணப் பெட்டியைத் திறந்து இன்னொரு பக்கற் மிளகாய்த்தூளை வைத்தார். பெட்டியில் உடுப்பை எங்கே வைப்பார் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியான விமானம். வார இறுதியில் எனக்கு ரயில் பாதை வேலை, வர முடியாது. திங்கள் காலை திரும்புகிறார். தூதர் இல்லாமல் சமாளியுங்கள்.

அண்ணா


பிரன்ஸ்விக்
16 செப்டெம்பர் 2024

அன்பு அண்ணாவுக்கு,

இந்தக் கடிதம் வருமுன் அம்மா வீட்டில் இருப்பார். அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். நம்ப வேண்டாம். நடந்தது இது.

விமான நிலையத்துக்குத் தனாசிஸ் சவரம் செய்து, மாமனிடம் இரவல் வாங்கிய கோட் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழிருந்து மேலாகவும். என்னைப் பார்க்கவில்லை. காரில் முன் கதிரையில் ஏறினார். நான் பின்னால், மிளகாய்த்தூளோடு.

"டெல் ஹெர் ஷி இஸ் டூ தின்" என்றார் அவரிடம்.

தனாசிஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அம்மா சொல்கிறார், நீ மெலிந்துவிட்டாயாம்" என்று இங்கிலிஷில் சொன்னதையே இங்கிலிஷில் சொன்னார். அவருக்கு நல்ல மனம்.

மூன்று நாளும் அப்படியே. டெல் ஹெர் சோற்றுக்குத் தண்ணீர் கூட. டெல் ஹெர் யன்னலைச் சாத்து. ஒரே குசினியில், என் முழங்கை அவர் முழங்கையில் படுகிற தூரத்தில். ஒரு தடவை தனாசிஸ் கழிவறையில் இருந்தபோது அம்மாவுக்கு என்னிடம் ஏதோ சொல்ல வேண்டி வந்தது. காத்துக்கொண்டு நின்றார். கறி அடிப்பிடித்தது.

அவரை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, தெரிந்தது. தனாசிஸ் இரண்டாம் தரம் சோறு கேட்டார். தானே கோப்பை கழுவினார். சனிக்கிழமை அம்மாவைத் தன் ட்ராமில் ஏற்றிக் கடைசித் தரிப்பு வரை கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வந்தார். மணி அடிக்க விட்டாராம். நான் கூடப் போகவில்லை. வீட்டில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன், இன்னும் எத்தனை சாப்பாடு மிச்சம் என்று.

ஞாயிறு இரவு, கடைசிச் சாப்பாடு. ஒருவரும் பேசவில்லை. தனாசிஸ் அந்த அமைதியை நிரப்ப நினைத்தார். பாவம். அம்மாவுக்குப் பாக்திரியா பிடிக்கும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு இங்கிலிஷில் தொடங்கினார்: யோசித்துப் பாருங்கள் மிஸிஸ் சிவனேஸ்வரி, எங்கள் ஆட்கள் போகும்வரை அங்கே வெறும் மண்தானே. தண்ணீர் கொண்டு வந்தது நாங்கள். மதில் கட்டியது நாங்கள். எல்லாவற்றையும் நாங்கள்தான்...

அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். அவருடைய மூக்கு விரிந்தது. அது உங்களுக்குத் தெரியும், கோயில் கூட்டத்தில் யாராவது பிழையாகத் தேவாரம் பாடினால் விரிகிற மாதிரி.

நேரே என் பக்கம் திரும்பினார்.

"இவருக்கு நீ ஒண்டும் படிப்பிக்கேல்லையோ?" என்றார். "வாய்க்கால் முந்தியே இருந்தது எண்டு எனக்கு எழுதத் தெரியுது. பக்கத்திலை இருக்கிற மனிசனுக்குச் சொல்லத் தெரியேல்லை. மதில் ஆர் கட்டினது? சொல்லு பாப்பம். நாளைக்குச் சபையிலை இந்த மனிசன் வாயைத் திறந்து இப்பிடிச் சொன்னால் ஆருக்கு வெக்கம்? வேலையை விட்டுட்டு வந்து என்னத்தையடி படிக்கிறாய்?"

கை எச்சில். நான் எழும்பவில்லை. அழுதால் கதைப்பதை நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சோற்றைப் பார்த்துக்கொண்டு, "மதில் முந்தியே இருந்தது, அம்மா" என்றேன்.

"அதை இவருக்குச் சொல்லு. எனக்குத் தெரியும்."

தனாசிஸுக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று மட்டும் விளங்கியது. மூன்று நாள் தூதர் வேலை பார்த்த பழக்கம். அம்மா பக்கம் சாய்ந்து, மிகவும் பணிவாகக் கேட்டார், நான் அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று.

அம்மா அவரைப் பார்க்கக்கூட இல்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

"வெயிட், தம்பி. ஐ ஆம் டோக்கிங் டு மை டோட்டர்."

நாங்கள் சுகம், அண்ணா.

சுஜீவா